பத்தொன்பது ஓட்டு

எங்கள் தெரு நாற்பது தலைக்கட்டு. எல்லோருக்கும் கடைமடையில்தான் நிலம். கடைமடையிலும் கடைசி என் வயல். ஒன்பது மா. மூன்று ஏக்கர் என்றால் புரியும்.

என் வயலுக்குக் கிழக்கே நாணல் மண்டிய தரிசு. அதற்கு அப்பால் கடலோடு சேருகிற உப்பங்கழி. கோடையில் கடல் தண்ணீர் கழி வழியாகத் தரிசு வரைக்கும் ஏறும். வயலுக்குள் வராது. கிழக்கு வரப்பை என் அப்பா ஆள் உயரத்துக்குப் போட்டு வைத்திருந்தார். வருஷா வருஷம் நானும் அதில் மண் போட்டேன்.

மழைத் தண்ணீர் போக வடக்கே ஒரு வடிவாய்க்கால் இருந்தது. நாற்பது வீட்டு வயல் தண்ணீரும் அதில் விழுந்துதான் போக வேண்டும். அது அடைபட்டால் இன்னொரு வழிதான் உண்டு. என் கிழக்கு வரப்பை வெட்ட வேண்டும். வெட்டினால் எல்லோர் வயல் தண்ணீரும் என் வயல் மேல் ஓடித் தரிசில் விழும். அவர்கள் பயிர் பிழைக்கும். என் பயிர் போகும். பிறகு கோடையில் அதே வழியாக உப்பு உள்ளே வரும். இது தெருவில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

பஞ்சாயத்துத் தலைவர் தேர்தல் மார்கழியில் வந்தது. அதில் கட்சி கிடையாது என்பார்கள். சீட்டில் கட்சிச் சின்னம் இருக்காது, அவ்வளவுதான். ஒரு பெரிய கட்சி செங்கல் சூளைக்காரரை நிறுத்தியது. இன்னொரு பெரிய கட்சி உரக்கடைக்காரரை நிறுத்தியது. எனக்கு நினைவு தெரிந்ததிலிருந்து இந்த இரண்டு கட்சியில் ஒன்றுதான் ஜெயிக்கும். மூன்றாவதாக ஒருவர் நின்றால் சிரிப்பார்கள்.

சூளைக்காரர் வடிவாய்க்காலுக்கு வடக்கே நிலம் வாங்கியிருந்தார். லாரி போகப் பாதை வேண்டும். பாலம் கட்டச் சொன்னோம். "பாக்கலாம்" என்றார். அவர் பாக்கலாம் என்றால் நடக்காது. ஒருநாள் இரண்டு லாரி மண் கொண்டுவந்து வாய்க்காலில் கொட்டினார். தாலுகா ஆபீசில் மனு கொடுத்து நிறுத்தினோம். அவர் தலைவராகிவிட்டால் நிறுத்த ஆள் இல்லை.

உரக்கடைக்காரரை நல்லவர் என்று சொல்ல முடியாது. ஆனால் அவருக்கு வடக்கே நிலம் இல்லை. தெருவுக்கு அது போதும் என்று முடிவானது.

மூன்றாவதாக லஸ்கர் நின்றார். ஆற்று மதகைத் திறந்து மூடுகிற பொதுப்பணித்துறை ஆளை நாங்கள் லஸ்கர் என்போம். அவர் ஓய்வு பெற்றுச் சில வருஷம் ஆகியிருந்தது. எங்கள் தெருக் கோடியில் வீடு. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர்தான். தண்ணீர் இல்லாத ஒரு வருஷம் எங்கள் முறை வந்தபோது, மேல்மடை ஆட்கள் மதகை மூடச் சொல்லிக் கம்போடு வந்தார்கள். லஸ்கர் மதகுச் சக்கரத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். இரண்டு நாள் இறங்கவில்லை. அந்த வருஷம் என் வீட்டில் நெல் இருந்தது அதனால்தான்.

ஓட்டுக் கேட்டு ஒரே ஒரு தடவை வந்தார். சைக்கிளைவிட்டு இறங்கவில்லை. ஒரு காலை ஊன்றி நின்றார்.

"நீங்க எதுக்குண்ணே நிக்கிறீங்க?" என்றேன்.

"முப்பது வருஷம் இந்த ரெண்டு கட்சிக்காரனுங்களும் சொன்ன மதகைத் தொறந்தேன், மூடினேன். ஒருதரம் நானே சொல்லிப் பாப்போமேன்னுதான்."

"ஜெயிப்பீங்களா?"

"எனக்கென்ன பைத்தியமா. போட்டா போடு தம்பி. இல்லாட்டி ஒண்ணும் இல்லை."

என் மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்வாள். அவளுக்கு அங்கே குடியுரிமை கிடைத்து, ஓட்டுப் போட்டும் இருந்தாள். எங்கள் ஊர்த் தேர்தலைச் சொல்லும்போது கேட்டேன்.

"அங்கயும் ரெண்டு கட்சிதானாமே?"

"ரெண்டுதாம்பா. மத்ததும் இருக்கு. யாரும் சீந்த மாட்டாங்க."

"நீ யாருக்குப் போட்ட?"

"சீந்தாததுக்குத்தான்."

"மாப்பிள்ளை என்ன சொன்னாரு?"

"ஓட்டை வீணாக்கிட்டேன்னு ரெண்டு நாள் பேசலை. வீடு அமைதியா இருந்துச்சு."

"வீண்தானே?"

"எங்க மாநிலத்துல யாரு ஜெயிப்பாங்கன்னு முன்னாடியே தெரியும்பா. நான் ஒருத்தி போட்டு எதுவும் மாறப்போறதில்ல. அதான் பிடிச்சவங்களுக்குப் போட்டேன்."

எதுவும் மாறப்போவதில்லை என்று அவள் சொன்னது என் மனதில் தங்கிவிட்டது. தங்கியிருக்கக் கூடாது.

தேர்தலுக்கு நான்கு நாள் முன்னால் என் மச்சான் தெருவை அய்யனார் கோயிலுக்குக் கூட்டினார். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். தெருவில் அவர் சொன்னால் கேட்பார்கள். தாம்பாளத்தில் சூடம் வைத்துக் கொளுத்தினார்.

"தலைக்கட்டுக்கு ஒருத்தன் வா. நம்ம தெரு ஓட்டு முச்சூடும் உரக்கடைக்காரனுக்கு. சூளைக்காரன் வரக்கூடாது. கையை வச்சு அணைச்சுச் சத்தியம் பண்ணிட்டுப் போ."

எங்களில் இது வழக்கம். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்தால் சொன்ன சொல்லை மாற்றக் கூடாது. ஒருவன் அணைத்ததும் மச்சான் மறுபடி கொளுத்துவார்.

"ஒரு கட்டு பத்தாது மாமா, கை எல்லாம் மம்பட்டி பிடிச்ச கை. சூடத்தைத் தின்னுடும்" என்று ஒருவன் சொன்னான். சிரித்தார்கள்.

அப்போது லஸ்கர் அந்த வழியாகச் சைக்கிளில் வந்தார். சிரிப்பு நின்றது.

"லஸ்கரண்ணே, மனசுல வச்சுக்காதீங்க. உங்க மேல ஒண்ணும் இல்லை" என்றார் மச்சான்.

"நடத்துங்க நடத்துங்க" என்று சொல்லிவிட்டு லஸ்கர் மிதித்துப் போனார்.

அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே நான் சூடத்தை அணைத்தேன். சுட்டது.

ஓட்டுப் பள்ளிக்கூடத்தில். சீட்டை வாங்கி மறைப்புக்குப் பின்னால் போனேன். முத்திரை கையில் இருந்தது. மதகுச் சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருந்த ஆள்தான் கண்ணில் நின்றார். நாற்பது வீடு சத்தியம் பண்ணியிருக்கிறது, என் ஒன்று போனால் என்ன என்று நினைத்தேன். லஸ்கருக்குக் குத்தினேன். மடித்துப் பெட்டியில் போட்டேன்.

வெளியே மச்சான் நின்றார்.

"போட்டாச்சா மாப்ளே?"

"ஆச்சு."

"நம்மதுதானே?"

"ஆமா."

எண்ணிக்கை அன்று மத்தியானம் செய்தி வந்தது. சூளைக்காரர் ஜெயித்துவிட்டார். உரக்கடைக்காரரைவிட ஆறே ஓட்டு கூட. லஸ்கருக்குப் பத்தொன்பது. பத்தொன்பதும் எங்கள் தெருப் பெட்டியிலிருந்து.

டீக்கடை வாசலில் தெருவே நின்றது. மச்சான் விரலை மடக்கினார்.

"பத்தொம்பதுல ரெண்டு லஸ்கர் வீட்டு ஓட்டு. மிச்சம் பதினேழு எந்த நாய்டா?"

நான் டீயைக் குடித்தேன். ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். என் ஒன்று போனால் என்ன என்று பதினேழு பேர் நினைத்திருக்கிறோம். அதில் ஏழு பேர் நினைக்காமல் இருந்திருந்தால் போதும்.

மறுநாள் சூளைக்காரர் காரில் லஸ்கர் வீட்டுக்கு வந்தார். வெடி போட்டுக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். ஒரு சால்வையை எடுத்து லஸ்கர் தோளில் போர்த்தினார்.

"அண்ணே, நீங்க நின்னதுனாலதான் நான் உக்காந்திருக்கேன்" என்றார், தெருவுக்கே கேட்கிற மாதிரி.

கார் போனதும் லஸ்கர் சால்வையை மடித்துச் சைக்கிள் கேரியரில் வைத்தார். மழைக்காலம் வரைக்கும் அது அங்கேயே இருந்தது. வெயிலில் வெளுத்துப்போனது.

அதன் பிறகு தெரு பழைய தெருவாக இல்லை. நடவுக்குக் கூலியில்லாமல் மாற்றாள் போவது நின்றது. ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு இன்னொருவர் வந்தாலும் சாப்பிடாமல் போனார்கள். மச்சான் ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் தலைக்கட்டுகளை எல்லாம் எழுதி வைத்திருந்தார். சந்தேகப்பட்ட வீட்டுக்கு எதிரே ஒரு கோடு. ஒருநாள் என்னிடம் காட்டினார். என் வீடு அதில் இல்லை.

"உன்னை எழுதலை மாப்ளே. வரப்பு உன்னுது. நீ எப்பிடிப் போட்டிருப்ப."

தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

சித்திரையில் லாரி வந்தது. இரண்டே நாளில் வடிவாய்க்காலை மூடினார்கள். அடியில் ஒரே ஒரு சிமெண்ட் குழாய் வைத்தார்கள். மேலே கெட்டியாகச் சிமெண்ட் சாலை போட்டார்கள். நாங்கள் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தோம். ரசீது கொடுத்தார்கள். ரசீது இன்னும் இருக்கிறது.

லஸ்கர் வந்து குனிந்து குழாய்க்குள் பார்த்தார். எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

"இது ஆடி மாசத் தூறலுக்குப் பத்தும்" என்றார்.

புரட்டாசியில் சம்பா நட்டேன். நட்ட நான்காம் நாள் மச்சான் என் வயலுக்கு வந்தார். நேரே கிழக்கு வரப்புக்குப் போனார். மேலே ஏறி நின்று காலால் இரண்டு மிதி மிதித்தார்.

"கெட்டியாத்தான் இருக்கு" என்றார். வேறு ஒன்றும் சொல்லாமல் போனார்.

அடுத்த வாரம் இன்னும் இரண்டு பேரோடு வந்தார். மூன்று பேரும் தரிசுப் பக்கம் எட்டிப் பார்த்தார்கள். நான் களை பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

அதற்கு அடுத்த நாள் காலையில் அந்த வரப்பின் நடுவில் ஒரு முளைக்குச்சி அடித்திருந்தது. யார் அடித்தது என்று தெரியாது. பிடுங்கிப் போட்டேன். மறுநாள் அதே இடத்தில் இருந்தது. மறுபடி பிடுங்கவில்லை.

என் மனைவியும் அதைப் பார்த்தாள். சோற்றுத் தூக்கை இறக்கி வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணன்தான்" என்றாள்.

"இருக்கும்."

"கேக்கலையா?"

"என்னன்னு கேக்கறது?"

அவள் கரண்டியைக் கழுவப் போய்விட்டாள்.

ஐப்பசியில் மகள் போன் செய்தாள். அவர்கள் வேறு மாநிலத்துக்குக் குடிபோயிருந்தார்கள். அங்கே இந்தத் தடவை மாநிலத் தேர்தல்.

"இந்த ஊர்ல இழுபறிப்பா. எந்தப் பக்கமும் சாயலாம். ஒரு ஓட்டு ரெண்டு ஓட்டுக்கூட முக்கியம்னு வீடு வீடா வந்து சொல்றாங்க. பெரிய கட்சி ரெண்டுமே எனக்குப் பிடிக்கலை. ஆனா ஒருத்தன் வந்தா ரொம்ப மோசம். என்னப்பா பண்றது?"

"தெரியலைம்மா."

"நீங்க அப்ப யாருக்குப் போட்டீங்க? சொல்லவே இல்லையே."

வாசலில் நின்றுதான் பேசிக்கொண்டிருந்தேன். கடல் பக்கம் வானம் கறுத்திருந்தது. காற்று இல்லை. கொக்கு எல்லாம் மேற்கே போய்க்கொண்டிருந்தது.

"இருட்டிக்கிட்டு வருது. அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன்.

அவள் யாருக்குப் போட்டாள் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

கார்த்திகை முதல் வாரம் மழை பிடித்தது. மூன்று நாள் விடவில்லை. முதல் நாள் குழாய் வழியாகத் தண்ணீர் போனது. இரண்டாம் நாள் நாணலும் வைக்கோலும் வந்து அடைத்தது. நாலைந்து பேர் முங்கி முங்கி எடுத்தோம். எடுக்க எடுக்க அடைத்தது. மூன்றாம் நாள் வயலுக்கும் வாய்க்காலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஒரே வெள்ளம். சிமெண்ட் சாலை மட்டும் மேலே தெரிந்தது.

சாலையை உடைக்க மம்பட்டி போதாது. இயந்திரம் வேண்டும். சுற்றுவட்டாரத்தில் இயந்திரம் சூளைக்காரரிடம்தான் இருந்தது. மச்சான் போன் போட்டார். சத்தமாக வைத்தார்.

"சாலை அரசாங்கச் சொத்து. நான் கை வைக்க முடியுமா? மேல கேட்டுச் சொல்றேன். பாக்கலாம்" என்றது குரல்.

நான்காம் நாள் விடிந்ததும் மழை சற்று ஓய்ந்து தூறலானது. லஸ்கர் முழங்கால் தண்ணீரில் இறங்கி, ஒரு தூரைப் பிடுங்கிப் பிரித்து மோந்து பார்த்தார்.

"குருத்து முங்கி ரெண்டு நாளாச்சு. இன்னிக்கு வடிஞ்சா பொழைக்கும். நாளைக்குன்னா அழுகிடும்."

யாரும் சொல்லாமலேயே எல்லோரும் என் வயலின் மேற்கு வரப்புக்கு வந்து சேர்ந்தார்கள். ஆளுக்கொரு மம்பட்டி. பெண்கள் உரச்சாக்கைத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு பின்னால் நின்றார்கள். தண்ணீருக்கு அந்தப் பக்கம் என் கிழக்கு வரப்பு தெரிந்தது. அதில் முளைக்குச்சியும் தெரிந்தது.

மச்சான் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்தும் ஈரம்தான்.

"மாப்ளே, உன்கிட்ட இதைக் கேக்க எனக்கு வாய் வரலை" என்றார். "அந்தப் பதினேழு பேரு யாருன்னு தெரிஞ்சிருந்தா அவனுங்க வயல்ல வெட்டுவேன். தெரியலை. உனக்குத்தான் வந்து விடியுது. நீ ஒரு பாவமும் பண்ணலை."

அவர் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் நானும் சொல்லியிருக்க மாட்டேன்.

"நான் ஒண்ணு" என்றேன்.

"என்ன ஒண்ணு?"

"பதினேழுல."

மச்சானுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது.

"சூடத்தை அணைச்சியேடா" என்றார். என்னை அவர் டா போட்டது அதுதான் முதல் தடவை.

"அணைச்சேன்."

பின்னாலிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

"ரெண்டு."

எல்லோரும் திரும்பினார்கள். நானும் திரும்பினேன். எனக்கும் அது அப்போதுதான் தெரியும்.

"நீயுமா?" என்றார் மச்சான்.

"ஆம்பளைங்கதானே அணைச்சீங்க. என்னை யாரு கூப்பிட்டது?"

யாரோ ஒருவன் சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டான்.

மூன்று என்று யாராவது சொல்வார்களா என்று நின்றேன். மச்சான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒருவன் மம்பட்டிக் காம்பைப் பார்த்தான். ஒருவன் வானத்தைப் பார்த்தான். லஸ்கர் பிடுங்கின தூரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அவர் யாரையும் பார்க்கவில்லை.

நேரம் போய்க்கொண்டிருந்தது. நான் மம்பட்டியை எடுத்துக்கொண்டு என் பயிருக்குள் இறங்கினேன். தொடை அளவு தண்ணீர். காலடியில் தூர் மிதிபட்டது. கிழக்கு வரப்பில் ஏறி, குச்சி இருந்த இடத்தில் முதல் வெட்டு வெட்டினேன். குச்சி நல்ல இடத்தில்தான் இருந்தது. அங்கேதான் தரிசு பள்ளம்.

பிறகு அவர்களும் வந்தார்கள். ஆள் உயர வரப்பு. முக்கால் மணி நேரம் ஆனது. தண்ணீர் முதலில் கை அகலம் போனது. பிறகு அதுவே வெட்டிக்கொண்டது. மத்தியானத்துக்குள் ஒரு லாரி போகிற அகலம் ஆகிவிட்டது. என் பயிர் கிழக்கே தலை சாய்ந்து படுத்தது. பிறகு வேரோடு கிளம்பிப் போனது. மேல்மண்ணும் போனது. சாயங்காலம் மேற்கே அவர்கள் வயலில் குருத்துத் தெரிந்தது.

தையில் தெருவில் எல்லோரும் அறுத்தார்கள். பங்குனியில் கழி ஏறியது. உடைப்பை அடைக்க நான் போட்ட மண் நிற்கவில்லை. வைகாசியில் வயல் வெள்ளையாக இருந்தது. நடந்தால் காலடியில் நொறுங்கும். அடுத்த வருஷம் நட்டுப் பார்த்தேன். கருகியது. அதற்குப் பிறகு நடவில்லை. மற்றவர் வயலுக்குக் கூலி வேலைக்குப் போகிறேன். என் மனைவியும் வருகிறாள்.

வடிவாய்க்கால் மூடினபடியேதான் இருக்கிறது. மழைக்கு மழை தண்ணீர் என் வயல் வழியாகப் போகிறது. இப்போது யாரும் கேட்பதில்லை. அதுவே வழி என்று ஆகிவிட்டது.

இப்போது மறுபடி தேர்தல் வந்திருக்கிறது. சூளைக்காரர் நிற்கிறார். உரக்கடைக்காரர் நிற்கிறார். லஸ்கரும் நிற்கிறார்.

நேற்றுச் சாயங்காலம் மச்சான் மறுபடி உரக்கடைக்காரருக்குச் சத்தியம் வாங்கத் தெருவைக் கோயிலுக்குக் கூட்டினார். தலைக்கட்டுக்கு ஒருத்தன் என்று இந்தத் தடவை கூப்பிடவில்லை. ஓட்டு இருக்கிற பொம்பளைகளும் வரணும் என்றார். எல்லோரும் வரிசையாக நின்றோம். மச்சான் தாம்பாளத்தை ஒவ்வொருவர் முன்னாலும் நீட்டிக்கொண்டே வந்தார். என் முன்னால் நீட்டவில்லை. தாண்டிப் போனார். என் மனைவியையும் தாண்டிப் போனார்.

எனக்கு வேலை இல்லாததால் மற்றவர்கள் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பதினேழில் எங்கள் இரண்டு போக மீதிப் பதினைந்தும் அந்த வரிசையில்தான் இருந்தது. ஒரு கை நடுங்குகிறதா, ஒரு கை தயங்குகிறதா என்று பார்த்தேன்.

இல்லை. எல்லாக் கையும் ஒரே மாதிரிதான் சூடத்தை அணைத்தது.

வருகிற வாரம் ஓட்டு.